பேர் வெட்டிய டம்ளர்

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பாதிக்கு மேல் அம்மா பேர் வெட்டியிருக்கும். அப்பா பேர் வெட்டியது ஒரே ஒரு டம்ளர்தான். அவர் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அம்மா வாங்கியது. 2022 மார்ச்சில் அவருக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று மாலை, அந்த டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்து அவர் அறை ஜன்னலில் வைத்தேன். "உங்க பேர் போட்டதுதானேப்பா, இதையே வச்சுக்குங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சரி என்று மட்டும் சொன்னார்.

மாத்திரை விஷயத்தில் நான் குறை வைக்கவில்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ஆறு மாதமும் நானே எண்ணிக் கொடுத்தேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று அவர் பயந்தபோது, அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் என்று தேற்றினேன். அரசு அப்போது தந்த மாதம் 500 ரூபாய்க்கு முட்டையும் கடலையும் வாங்கினேன். செப்டம்பரில் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். டம்ளரை மட்டும் அலமாரிக்குக் கொண்டுவரவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. காசநோய் காற்றில்தான் பரவும், தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்று சுகாதாரப் பணியாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தைப் பற்றியும் படித்திருக்கிறேன். நோயாளியை சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்று இடநெருக்கடியும் வறுமையும் நிறைந்த சென்னை வீடுகளில் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சானடோரியம் இல்லாமலே காசநோயைக் குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவை நம் ஊர்க் குடித்தனங்கள். இதெல்லாம் தெரிந்தவன்தான், மூன்று அறையும் நல்ல காற்றும் உள்ள வீட்டில் அப்பாவின் டம்ளரைப் பிரித்து வைத்தேன்.

கிருமி போயும் இருமல் போகவில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கினால் அரை மணி நேரம் நிற்காது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். "அதான் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்களேப்பா. கொஞ்சம் அடக்கிக்கப் பாருங்க, பாப்பாவுக்குப் பரீட்சை" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். சளியைத் துப்ப எழுந்து போனால் சத்தம் கேட்குமென்று விழுங்கினார். வீடு அமைதியானது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாடிவிட்டு ஓடிவந்த என் மகள் தாத்தாவின் டம்ளரில் தண்ணீர் எடுத்து வாயில் வைத்தாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். தண்ணீர் அவள் பாவாடையெல்லாம் கொட்டியது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா சொல்றதைக் கேளு கண்ணு" என்று அவளிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல.

பொங்கலுக்கு முந்தின வாரம் குளியலறைத் தரையில் ரத்தம் பார்த்தேன். கழுவிவிட்டும் மூலையில் கொஞ்சம் நின்றிருந்தது. கேட்டால், அது நாலாவது தடவை என்றார். "சொன்னா நீ மறுபடி பயந்துக்குவியேன்னுதான்" என்றார்.

சளியை மறுபடி சோதித்தார்கள். காசநோய்க் கிருமி இல்லை. மூச்சுச் சோதனையில் ஆறு நொடி விடாமல் ஊதச் சொன்னார்கள். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். இரண்டாவது நொடியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. சி.டி. ஸ்கேன் படத்தை விளக்கு முன் பிடித்து டாக்டர் காட்டினார். வலது நுரையீரலின் மேல்பகுதி தழும்பேறிச் சுருங்கியிருந்தது. அங்கே மூச்சுக்குழாய்கள் அகன்று தொளதொளத்துவிட்டதால் சளி தானாக மேலேறாது. தேங்கும், வேறு கிருமி புகும், புண்ணாகும், ரத்தம் வரும். "இவர் இருமித்தான் ஆகணும். சளியை வெளியே கொண்டுவர்றதுதான் இவருக்கு வைத்தியம்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், தப்பு செய்தவர் அவர் என்பதுபோல. அடக்கச் சொன்னது நான்தான் என்று அந்த அறையில் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது காலை ஐந்தரைக்கு அவர் பக்கத்தில் உட்கார்கிறேன். இடது பக்கம் சாய்ந்து படுத்து, மூன்று நான்கு முறை ஆழமாக மூச்செடுத்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து "ஹா" என்று விடுவார். பிறகு இருமல். கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். வெள்ளையா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்துக் குறித்துவைக்கிறேன். முகம் சுளிக்காமல் பார்க்கப் பழக இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை அலமாரியில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அது ஜன்னலுக்குப் போயிருந்தது. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் எடுத்துப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நேற்று மத்தியானம் அந்த டம்ளரிலேயே மோர் ஊற்றி, அவர் எதிரில் உட்கார்ந்து குடித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் நான் குடித்து முடிக்கும்வரை இருந்தார். பிறகு டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, ஜன்னலில் கவிழ்த்து வைத்தார்.