பிரேசிலில் கடைசி இரவுச் சாப்பாடு

பிரேசிலுக்குப் போகும் அசைவப் பிரியர்கள் பலர், ஊர் திரும்பும் முன் ஒருவேளைச் சாப்பாட்டை ஷுராஸ்கரியா எனும் இறைச்சி உணவகத்துக்கென்றே ஒதுக்குகிறார்கள். தெற்கே ரியோ கிராண்டி டோ சுல் மாநிலப் புல்வெளிகளில் மாடு மேய்த்த கவுச்சோக்கள், கல்லுப்பு தடவிய இறைச்சியைக் கம்பியில் கோத்துத் தணலில் வாட்டித் தின்றதே இதன் தொடக்கம்.

இங்கே 'ரொடீசியோ' முறைதான் புகழ்பெற்றது. தலைக்கு ஒரே விலை. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பரிமாறுபவர்கள் நீண்ட கம்பிகளோடு மேசை மேசையாக வந்து, கத்தியால் சீவித் தருவார்கள். மேசையிலுள்ள அட்டையில் பச்சைப் பக்கம் மேலே இருந்தால் இறைச்சி வந்துகொண்டே இருக்கும். சிவப்புக்குத் திருப்பினால் நிற்கும்.

தொத்திறைச்சியும் கோழி இதயமும் பெரும்பாலும் முதலில் வரும். அரசன் பிகான்யாதான்: மாட்டின் பின்புற மேற்பகுதி, ஓரத்தில் தடித்த கொழுப்பு. கொழுப்பு உருகி இறைச்சியில் இறங்குவதால் உப்பைத் தவிர வேறு மசாலா தேவைப்படுவதில்லை. (மிளகாய்க்குப் பழகிய நாக்கு முதல் வாயில் சற்றே ஏமாறும்.) குப்பிம் என்பது திமில். திமிலுள்ள இந்த மாடுகளின் மூதாதைகள் இந்தியாவிலிருந்து போனவை. அங்கே பெருகியிருக்கும் நெலோர் இனத்தின் பெயரே நம் நெல்லூர்தான்.

மரவள்ளி மாவை வறுத்த ஃபரோஃபாவும் பட்டைத்தூள் தூவிச் சுட்ட அன்னாசியும் துணைக்கு உண்டு. சாலட் மேசையில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். பிகான்யா வரும்வரை பொறுங்கள்.