எழுத்து வேட்டை

ஆங்கில மொழியில் எளியதொரு சொல்லாட்டம் உண்டு. ஒருவர் இரண்டு மூன்று எழுத்துகளைச் சொல்வார். அவ்வெழுத்துகள் அதே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் சொல்லொன்றை மற்றவர் கண்டுபிடித்தல் வேண்டும். இவ்வாட்டத்தைப் படைத்தவர், 'ஆலிஸ்' கதைகளால் சிறுவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட லூயி கரோல். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த அவருடைய இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். 1880களின் தொடக்கத்தில் இதனை வெளியிட்டு, 'மிஷ்மாஷ்' என்று பெயரிட்டார். கொடுக்கப்படும் எழுத்துத் தொகுதியைக் கரு என்றார். ஈ, எம், ஓ என்பது கருவானால் 'லெமன்' விடையாகும். ஜி, பி என்றால் 'மேக்பை' என்னும் பறவை. ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் ஆகா. இதற்குப் பலகையும் வேண்டா, காயும் வேண்டா.

இவ்வாட்டம் எங்கள் இல்லத்துள் நுழைந்தது நெருக்கடியான வேளையில். என் தங்கை பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் ஏனைய பாடங்களிலெல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் தவறிவிட்டாள். துணைத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அதிலும் தவறினால் தையல் வகுப்பில் சேர்த்துவிடுவது என்று மாமா முடிவு கட்டியிருந்தார். தையல் நல்ல தொழிலே; ஆயினும் அவள் விரும்பியது அதுவன்று.

ஆங்கிலத்தைப் படித்தால் அவளுக்குப் பொருள் விளங்கும். எழுத்துக்கூட்டலே அவளுக்குப் பகை. "ஒலிப்பது ஒன்று, எழுதுவது ஒன்று, இம்மொழிக்கு நேர்மையே இல்லை, அண்ணா!" என்பாள். சொற்பட்டியலை நூறு முறை எழுதச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து கரு கொடுக்கத் தொடங்கினேன்.

முதல் நாள் கே, எஃப் என்றேன். அவள் நெடுநேரம் எண்ணினாள். பிறகு, "இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் இயல்பாக ஒட்டி நிற்குமென்று தோன்றவில்லை. ஒரு சொல் கேயில் முடிந்திருக்க வேண்டும், இன்னொன்று எஃபில் தொடங்கியிருக்க வேண்டும்" என்றாள். நான் வியந்தேன். மில்க், புக், பிரேக் என்று கேயில் முடியும் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கியவள் சட்டென்று எழுந்து நின்று, "பிரேக்ஃபாஸ்ட்!" என்று கூவினாள். 'ஃபாஸ்ட்' என்பது நோன்பு. 'பிரேக்' என்பது முறித்தல். இரவு முழுவதும் உண்ணாதிருந்த நோன்பைக் காலையில் முறிப்பதால் காலை உணவுக்கு அப்பெயர் வந்தது என்று கூறினேன்.

அன்றுமுதல் அவள் சொற்களின் மூட்டுவாய்களைத் தேடலானாள். 'கபர்ட்' என்று நாம் சொல்லும் அலமாரியின் பெயரில் 'கப்' என்னும் கோப்பையும் 'போர்டு' என்னும் பலகையும் ஒளிந்திருப்பதைக் கண்டாள். கோப்பை வைக்கும் பலகையே பின்னர் அலமாரியாயிற்று. ஆர், என், எம் என்னும் கருவுக்குக் 'கவர்ன்மெண்ட்' என்று விடை சொன்னவள், 'கவர்ன்' என்பதோடு 'மெண்ட்' சேர்ந்தது என்று தானே பிரித்தும் காட்டினாள். அரசுத் தேர்வில் அந்த 'என்' எழுத்தை விட்டுவிட்டு எழுதியவள் அவள்! என், டி, கே என்றதற்குக் கைக்குட்டையாகிய 'ஹேண்ட்கர்ச்சீஃப்' வந்தது. அதில் டி எழுதப்படும், ஒலிக்கப்படுவதில்லை. 'கர்ச்சீஃப்' என்பது தலையை மூடும் துணியைக் குறித்த பழம் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நம்மவரோ கையைக் குறிக்கும் 'ஹேண்ட்'டை விட்டுவிட்டுக் 'கர்ச்சீப்' என்றே வழங்குகின்றனர். தலைத்துணியால் முகம் துடைக்கின்றோம் என்று இருவரும் நகைத்தோம்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகிறது. ஒலி மாறுகிறபடியே நாம் எழுத்தையும் மாற்றிவிடுகிறோம். ஆங்கிலேயரும் சொற்கள் சேருமிடத்தில் ஒலியை மாற்றுகிறார்கள். எழுத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். அண்ணா, இது எழுதப்படாத சந்திதானே?"

தமிழில் அவள் நல்ல மதிப்பெண் பெற்றவள். அந்தக் கல்வியே ஆங்கிலத்துக்கும் விளக்காகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருந்தது. ஒலியாத எழுத்துகள் எல்லாம் சந்தியால் வந்தவை அல்ல. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய கே முற்காலத்தில் ஒலிக்கப்பட்டது. பின்னர் ஒலி தேய்ந்தது, எழுத்து நின்றது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதிலுள்ள எஸ் ஒருகாலத்தும் ஒலித்ததில்லை. லத்தீன் வழிவந்த வேறொரு சொல்லுக்கு இது உறவென்று தவறாக எண்ணிப் படித்தவர்கள் புகுத்திய எழுத்து அது. இதைக் கேட்டதும் அவள், "படித்தவர் செய்த பிழைக்கு நான் மதிப்பெண் இழக்க வேண்டுமா?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

துணைத் தேர்வில் தேறினாள். மதிப்பெண் மிகுதி என்று சொல்ல இயலாது. பதினொன்றாம் வகுப்பில் சேரப் போதுமானதாக இருந்தது.

தேர்வு முடிந்த பின்னும் ஆட்டம் நிற்கவில்லை. ஓரிரவு அவள் எனக்கு டபிள்யூ, கே, டபிள்யூ என்று கரு கொடுத்தாள். கே ஒன்றை இருபுறமும் டபிள்யூ நெருக்கும் சொல்லும் உண்டோ? உறக்கம் வரும்வரை எண்ணியும் எனக்குப் புலப்படவில்லை. காலையில் அவள் அகராதியை விரித்துக் காட்டினாள். 'ஆக்வர்ட்' என்பது விடை. ஒழுங்கின்றி இடர்ப்படும் நிலையைக் குறிப்பது. 'வர்ட்' என்பது திசை. 'ஆக்' என்பது மாறாகத் திரும்பியது என்னும் பொருளுடைய பழஞ்சொல். இன்று தனித்து வழங்குவதில்லை.

அவ்வாரம் மாமா வந்திருந்தார். காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதே கருவை அவரிடமும் கேட்டாள். "மூன்று நாள் தவணை கொடு, அம்மா" என்றார் அவர்.