நுளம்புக்கு மதில் தெரியாது



மாரி நெருங்குகிறது. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்பதை வகுப்பில் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வார்கள். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானபோதும் இது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிவது வேறு, செய்வது வேறு.

அதனால்தான் ஆசிரியர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து மட்டையில் ஒரு பாம்பும் ஏணியும் கீறினோம். பூச்சாடித் தட்டைத் தேய்த்துக் கழுவினால் ஏணி. தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு வைத்தால் பாம்பு. முட்டைகள் ஓரத்தில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கரையேற்றிய தோணியைக் கவிழ்த்து வைத்தால் ஏணி. காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுத்தால் இருப்பதிலேயே நீளமான பாம்பு. அது இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

விளையாட்டின் நடுவே ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், நாங்க எல்லாம் சரியாத்தான் செய்றம். பக்கத்து வளவுக்குள்ள டயர் கிடந்தா?"

அந்தக் கேள்வியிலிருந்து ஒரு புது விதி பிறந்தது. ஒருவரைப் பாம்பு கடித்தால் பக்கத்தில் இருப்பவரும் இரண்டு கட்டம் இறங்க வேண்டும். ஏணி ஏறியவருக்கு ஒரு துப்புரவு அட்டை கிடைக்கும்; அதைக் கொடுத்து மற்றவரைப் பாம்பிலிருந்து காப்பாற்றலாம். முதலில் அட்டையைப் பொத்திப் பொத்தி வைத்தவர்கள், இரண்டாம் ஆட்டத்தில் தாங்களாகவே நீட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர் விழுந்தால் தானும் விழுவேன் என்பதை நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உலகில் இது புதிதுமல்ல. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் காலநிலை மையம், பிள்ளைகள் மனிதராகவும் நுளம்பாகவும் பிரிந்து ஆடும் ஒரு விளையாட்டையே டெங்குக்காகப் பயன்படுத்தியிருக்கிறது.

ஆனாலும் பலகையில் பாம்பு கடித்தால் சில கட்டங்கள்தான் போகும். வீட்டில் கடித்தால் போவது அதுவல்ல.

முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே வாரம் ஒருமுறை, ஜும்ஆவுக்கு முன் பத்து நிமிடம் வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டை, யோகட் கப், கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, எதையும் விடாதீர்கள். பிள்ளை பலகையைக் கொண்டுவந்தால் உம்மா, வாப்பா, மூத்தம்மா எல்லோரும் ஒரு ஆட்டம் ஆடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். பூட்டிக் கிடக்கும் உங்கள் வளவின் திறப்பை அயல்வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த மாரிக்கு நீங்கள் ஊருக்குத் தரக்கூடிய துப்புரவு அட்டை அதுதான்.