உறுமி வீரனும் ஒரு கேள்வியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவச்சே படுக்கல. முதுகலைப் படிப்போட கடைசி ஆய்வேடு கழுத்தை நெரிக்குது. அதுக்காகத்தான் டென்மார்க்ல ஸ்கீவ-ங்கிற இந்தச் சின்ன ஊர்ல வந்து உக்காந்திருக்கேன். லிம்ஃபியோர்டு கரையோர ஊர். எப்பவும் காத்து. நடுக் குளிர்காலத்துல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும். இருட்டின பிறகு மனுஷன் என்னதான் பண்ணுவான்? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுவான் :)

கொஞ்சம் கொசுவத்தி. 1999-ல வந்த விளையாட்டு இது. சின்ன வயசுல மாமா பையன் கம்ப்யூட்டர்ல நான் ஆடுனப்போ ஜப்பான்காரன் இருந்தான், பாரசீகன் இருந்தான், நம்மாளு மட்டும் இல்ல. 2013-ல 'இந்தியர்'னு மொத்தமா ஒரே மூட்டையா கட்டிச் சேர்த்தாங்க. 2022 ஏப்ரல்ல 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தப்போதான் மூட்டையைப் பிரிச்சாங்க. அதுல 'திராவிடர்'னு தனிக் கட்சி, ராஜேந்திர சோழன் கதை வேற. ஆளுங்க தமிழ்லயே பேசுறாங்க. மொத தடவை கேட்டப்போ நாற்காலியில நேரா நிமிர்ந்து உக்காந்துட்டேன்.

இந்தத் திராவிடர்களோட சிறப்புக் காலாட்படை வீரன் பேரு 'உறுமி வாள்வீரன்'. நமக்கு உறுமின்னா என்ன? கோயில் கொடையில அடிக்கிற மேளம்! கொட்டு அடிச்சே எதிரியை விரட்டுவானோன்னு பாத்தா, இல்ல. மலையாளத்துல உறுமின்னா இடுப்புல பெல்ட் மாதிரி சுத்தி வச்சிருக்கிற வளையும் வாள். களரியில சுழட்டுவாங்க. நம்ம சிலம்பக்காரங்க சுருள்வாள்னு சொல்றது இதைத்தான்.

இவன் கோட்டையில இருந்து வருவான். கொஞ்ச நேரம் வேகத்தைச் சேத்து வச்சுக்கிட்டு ஒரு சுழட்டு சுழட்டினா சுத்தி நிக்கிற எதிரி அத்தனை பேருக்கும் அடி. பக்கத்துல நிக்கிற நம்மாளு மேல மட்டும் ஒரு கீறல் விழாது. நிஜத்துல தோளோட தோள் ஒட்டி நிக்கிற படை வரிசையில சுருள்வாளைச் சுழட்டினா மொதல்ல போறது நம்ம கூட்டாளி காதுதான். அப்புறம் 'வூட்ஸ் ஸ்டீல்'னு ஒரு தொழில்நுட்பம் இருக்கு. அதை வாங்கிட்டா எதிரியோட கவசம் செல்லாது. உருக்கு, உக்கு மாதிரியான நம்ம பக்கத்துச் சொல்லுல இருந்துதான் அந்த வூட்ஸே வந்ததா சொல்வாங்க. ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல, நொய்யல் கரையில, பழங்கால உலைகளையே தோண்டி எடுத்திருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வரேன்.

இங்க எனக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்க் குடும்பம் யாழ்ப்பாணத்துக்காரங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க வீட்டுலதான் எனக்குச் சாப்பாடு. புட்டும் சொதியும். அங்கிள் 1986-ல, பதினெட்டு வயசுல, தனியா வந்தவரு. ஏன் வந்தாருன்னு அவரா சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. அவர் பொண்ணுக்கு இப்போ பதினெட்டு முடிஞ்சிருக்கு. நான் ஆடுறதைப் பாத்துட்டு அவளும் பிடிச்சுக்கிட்டா. திராவிடர் மட்டும்தான் எடுப்பா. "அண்ணா, இப்ப அவர் என்ன சொன்னவர்?"னு ஒவ்வொரு சிப்பாய்க்கும் என்கிட்ட அர்த்தம் கேப்பா.

போன ஞாயிறு நான் ஆட, அவ யோசனை சொல்ல, அங்கிள் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. இருபது உறுமி வீரனை எதிரி கோட்டைக்கு அனுப்பினேன். அம்பு மழை. இருபதும் காலி. உடனே இன்னொரு இருபது தயார் பண்ணி அதே வழியில அனுப்பினேன்.

"தம்பி, முதல் போனவன் எல்லாம் செத்துக் கிடக்கிறதை உவன் பாக்கிறான்தானே? மாட்டன் எண்டு சொல்ல உவனால ஏலாதோ?"

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல.

அப்போதான் எனக்கு உறைச்சுது. மேசையில ஒரு கடுதாசி கிடந்தது. இந்த நாட்டுல ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும் இருந்த கட்டாய ராணுவச் சேவை, 2025 ஜூலை 1-க்கு அப்புறம் பதினெட்டு முடியற பொண்ணுங்களுக்கும் வந்துடுச்சு. நாலு மாசமா இருந்த காலத்தைப் பதினொண்ணா நீட்டவும் முடிவு பண்ணியிருக்காங்க. சேர்றவங்கள்ல பெரும்பாலானோர் தாங்களா விரும்பிப் போறவங்கதான். ஆள் பத்தலைன்னா சீட்டுல நம்பர் எடுத்தவங்களைக் கூப்பிடுவாங்க. அவளுக்கும் அழைப்பு வந்திருக்கு. இந்த ஊர்லயே பொறியாளர் படைப்பிரிவோட முகாம் இருக்கறதால, சூப்பர் மார்க்கெட்ல சீருடைப் பசங்க பால் பாக்கெட்டோட நிக்கிறதை தினமும் பாக்குறோம். அங்கிள் மட்டும் அவங்களைக் கண்டா வேற வரிசைக்குப் போயிடுவாரு. அது ஏன்னு இப்போ புரியற மாதிரி இருந்தது.

ஆட்டத்தை நிறுத்திட்டு, எனக்குத் தெரிஞ்ச ஒரு கதையைச் சொன்னேன். சோழர் காலத்துல வேளைக்காரப் படைன்னு உண்டு. வேளை வந்தா ராஜாவுக்காக உயிரையே கொடுக்கிறதா சத்தியம் பண்ணினவங்க. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுலயே அவங்க பேரு இருக்கு. இலங்கையிலயும் அப்படி ஒரு படை இருந்தது. சோழரைப் பொலன்னறுவையில இருந்து விரட்டின முதலாம் விஜயபாகு கிட்ட அவங்க வேலை பாத்தாங்க. 1085 வாக்குல, சோழ நாட்டு மேல படையெடுத்துப் போங்கன்னு ராஜா சொன்னப்போ, மாட்டோம்னுட்டாங்க. சூளவம்சத்துல இருக்கு.

"பிறகு?"ன்னாரு அங்கிள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. பிறகு நடந்தது நல்ல கதை இல்ல. தளபதிகளைக் கொன்னாங்க, அரண்மனையை எரிச்சாங்க. ராஜா தப்பி ஓடி, திரும்பி வந்து கலகத்தை அடக்கினாரு. தலைவர்களை அந்தத் தளபதிகளோட சிதையிலயே கட்டி எரிச்சாங்க. சொல்லித்தான் ஆகணும்னு சொல்லிட்டேன். விஜயபாகு காலத்துக்கு அப்புறம், புத்தரோட தந்தம் இருக்கிற கோயிலைக் காப்பாத்துறோம்னு வேளைக்காரர் உறுதி சொல்ற தமிழ்க் கல்வெட்டு பொலன்னறுவையில இருக்குன்னும் சொன்னேன்.

அங்கிள் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

அவதான் பேசினா. "அப்பா, இஞ்ச மாட்டன் எண்டு சொன்னா ஒருத்தரும் எரிக்கமாட்டினம். 1917-லயே சட்டம் போட்டிருக்கினம். ஆயுதம் தூக்காம வேற வேலை செய்யலாம். நான் போறதோ இல்லையோ எண்டு இன்னும் யோசிக்கேல்ல. யோசிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"யோசி" அப்படின்னாரு. எழுந்து போய் தேத்தண்ணி போட்டாரு. வழக்கத்தைவிட சீனி அதிகம்.

ராத்திரி அறைக்கு வந்து மறுபடி ஆட உக்காந்தேன். இருபது உறுமி வீரன் கோட்டை வாசல்ல வரிசையா நிக்கிறான். சொடுக்கினா தமிழ்ல ஏதோ சொல்லிட்டுக் கிளம்பிடுவான். இத்தனை நாள் அவன் தமிழ் பேசுறதுலதான் எனக்குப் பெருமை. இந்தத் தமிழ்ல ஒரு 'மாட்டேன்' இல்லைங்கிறதை ஒரு தடவைகூட நான் கவனிச்சதில்ல.

அந்த ஆட்டத்துல தோத்துட்டேன். கம்ப்யூட்டர்கிட்டதான், அதுவும் நடுத்தர லெவல்ல. கேவலம்தான், ஹி ஹி.

பி.கு.: சுருள்வாளுக்கு உங்க ஊர்ப்பக்கம் வேற பேரு இருந்தா சொல்லிட்டுப் போங்க மக்களே. ஆய்வேடு எப்போ முடியும்னு மட்டும் யாரும் கேக்கப்படாது.