பிளைண்ட் ஸ்பாட்: தெரியலைங்கிறதே தெரியாத இடம்

1/ வண்டி ஓட்டக் கத்துக்கும்போது காதுல விழுற வார்த்தை "பிளைண்ட் ஸ்பாட்". நேராப் பார்த்தாலும் தெரியாது, சைடு மிரர்லயும் தெரியாது. ஆனா அங்க ஒரு பைக் வந்துட்டு இருக்கும். லோடு லாரிக்கு இடது பக்கம் ஒட்டிப் போறவங்க டிரைவர் கண்ணுக்குப் படாம போறது இப்படித்தான்.

2/ இதே பேர்ல ஒண்ணு நம்ம கண்ணுக்குள்ளயும் இருக்கு. பார்வை நரம்பு வெளியேறுற இடத்துல ஒளியை உணர்ற செல்களே கிடையாது. 1660-களில் பிரான்ஸைச் சேர்ந்த எட்மே மரியாட் கண்டுபிடிச்சது.

3/ இப்பவே செஞ்சு பாருங்க. ரெண்டு கட்டைவிரலையும் கை நீட்டி ஒட்டி வைங்க. இடது கண்ணை மூடுங்க. வலது கண்ணால இடது விரலையே பார்த்துக்கிட்டு, வலது விரலை மெதுவா வலப்பக்கம் நகர்த்துங்க. ஒரு சாண் போறதுக்குள்ள விரல் நுனி காணாமப் போகும்.

4/ அங்க கறுப்பா ஓட்டை தெரிஞ்சதா? இல்லைல்ல. சுத்தி இருக்கிறதை வச்சு மூளை ஒட்டுப் போட்டுடும். விஷயமே இதுதான்.

5/ எங்கப்பா நாரணாபுரத்துல இருந்து சிவகாசிக்கு 30 வருஷமா டிவிஎஸ் 50 ஓட்டினவர். ரெண்டு தடவை உரசிட்டு வந்தார். "பார்த்து ஓட்டுங்கப்பா"ன்னு சத்தம் போட்டேன். மூணாவது தடவை, ஓரமா நின்ன லோடு ஆட்டோவுல இடிச்சுட்டு, "அது எங்கிருந்துடா வந்துச்சு?"ன்னு கேட்டார். அப்பதான் எனக்கு உறைச்சது.

6/ கிளாக்கோமா. கண் அழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை பெரும்பகுதி போயிருந்தது. வலி இல்லை. பேப்பர் எழுத்து நல்லாவே தெரிஞ்சது. போன இடத்தையெல்லாம் மூளை ஒட்டுப் போட்டுக்கிட்டே இருந்திருக்கு.

7/ நம்ம குறை நமக்கே தெரியாததையும் இங்கிலீஷ்ல பிளைண்ட் ஸ்பாட்னுதான் சொல்வாங்க. வர்ற நோயாளிகிட்டயெல்லாம் "கண் செக் பண்ணீங்களா?"ன்னு கேட்கிற நான், வீட்ல கேட்கவே இல்லை. என் பிளைண்ட் ஸ்பாட் எங்கப்பா.

8/ கிளாக்கோமாவுல போன பார்வை திரும்பாது. மருந்து, தேவைப்பட்டா லேசர், ஆபரேஷன் எல்லாம் மிச்சத்தைக் காப்பாத்தத்தான். 40 வயசு தாண்டினா கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பாருங்க. கண்ணாடிக் கடையில பவர் பார்க்கிறது இதுக்குப் போதாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்களுக்கு இருந்தா உங்களுக்கு வாய்ப்பு அதிகம். நானும் பார்த்துட்டேன்.

9/ லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் தட்டி "ஹோல்டான்"னு கத்துவார். எந்த டிரைவரும் "எனக்குத் தெரியாதா?"ன்னு சண்டைக்குப் போறதில்ல, பிரேக் போடுவார். வீட்ல பெரியவங்க அடிக்கடி இடிச்சுக்கிட்டா திட்டாதீங்க. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.