நாலு கட்டைக் குழல்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். பாயில் மூன்று புல்லாங்குழல்கள். "சார், கடை வைக்கப் போறீங்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். "ஒரு வாய்க்கு எதுக்கு மாமா மூணு குழல்?" என்று என் தங்கை மகள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் ஒலிப் பாடத்தை விடாமல் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

எனக்குக் குழல் பைத்தியம் பிடித்தது 1979-இல், அத்திவரதர் எழுந்தருளிய சமயம். சன்னதித் தெருவில் ஒருவர் கம்பு நிறையக் குழல்களைச் செருகிக்கொண்டு சினிமாப் பாட்டு வாசித்தபடி நடந்தார். கல்லூரி மாணவனான நான் ஒன்று வாங்கினேன். அவர் வாயில் பாடிய குழல் என் வாயில் வெறும் காற்றாக வந்தது. அப்புறம் முறையாக ஒரு வாத்தியாரிடம் போனேன். அவர் கையில் இருந்தது ஐந்து கட்டைக் குழல். அதனால் எனக்கும் ஐந்து கட்டை. இதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கட்டை என்றால் தெரியாதவர்களுக்கு: ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணுவதுதான் கணக்கு. முதல் வெள்ளை 1, ஐந்தாவது வெள்ளை 5. இரண்டு வெள்ளைக்கு நடுவே இருக்கும் கறுப்பு, அரை. ஒன்றரை, இரண்டரை, நாலரை உண்டு. மூன்றரை கிடையாது, ஏனென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பே இல்லை. யாராவது தான் மூன்றரைக் கட்டையில் பாடுவதாகச் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் என் மனைவி பாடுவாள், நான் கூட வாசிப்பேன். உங்களில் பலர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள், பாட்டுக்காகவோ பிறகு வரும் சுண்டலுக்காகவோ. காஞ்சிபுரத்தில் சில காலம் இருந்த முத்துசுவாமி தீட்சிதர் நம் காமாட்சி மேல் கமலாமனோகரியில் செய்த 'கஞ்சதளாயதாக்ஷி' கடைசியாக வரும். ஏறக்குறைய நாற்பது வருஷம், ஐந்து கட்டையில்.

போன ஆடியில் அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் இறங்கிவிட்டது. பேசுவதில் வித்தியாசம் தெரியவில்லை. பாடும்போது மேல் ஷட்ஜமத்துக்குப் போகும் வழியிலேயே நின்றுவிடும். இரண்டு வெள்ளிக்கிழமை முயற்சி செய்தாள். மூன்றாவது வெள்ளி, "இன்னிக்கு நீங்க மட்டும் வாசிங்க" என்றாள். நானும் வாசித்தேன். அப்படியே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் போயிற்று. மார்கழியில் அவள் வாய் திறக்காத முதல் வருஷம் அது.

தை மாதம் ஒரு மதியம் அடுக்களையிலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. அதே பாட்டுதான். எதிலும் தடுக்காமல், மேல் ஷட்ஜமம் உட்பட. ஓசைப்படாமல் போனில் சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். நாலு கட்டை.

சரி, ஐந்து கட்டைக் குழலிலேயே நாலு கட்டைக்கு இறங்கி வாசித்தால் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். நம் கர்நாடகக் குழலில் மேலிருந்து இரண்டு துளைகளை மூடி ஊதினால் ஷட்ஜமம். மூன்றாவதையும் மூடினால் ஒரு கட்டை கீழே, அதாவது நாலு கட்டை. அதையே ஷட்ஜமமாக வைத்துக்கொள்ளலாம். கணக்கு சரி. ஆனால் விரல் கேட்க வேண்டுமே! துளைகளை இயல்பாக மூடித் திறந்தால் வருவது அரிகாம்போதி சுரங்கள். அதன் நிஷாதத்தை ஷட்ஜமமாக்கினால் கல்யாணி வந்து நிற்கும். கமலாமனோகரிக்குச் சுத்த மத்யமம் வேண்டும். அதற்குப் பாதித் துளை, தைவதத்துக்கும் பாதித் துளை. நாற்பது வருஷம் பழகிய விரல்கள் சண்டித்தனம் செய்தன. ஒரு மாதம் மாடியில் போராடினேன். கீழே இருந்து, "என்ன, புதுசா கத்துக்கிறீங்களா?" என்று குரல் வந்தது. அத்தோடு விட்டேன்.

ஆகவே நாலு கட்டைக் குழல் வாங்குவது என்று முடிவு. இங்கே கடைகளில் கேட்டால் ஐந்து இருக்கிறது, இரண்டு, இரண்டரை இருக்கிறது, ஆறுகூட இருக்கிறது. நாலு இல்லை. பேரன் போனில் தேடி, 'எஃப்' என்று போட்டிருந்த ஒரு குழலை 650 ரூபாய்க்கு வரவழைத்தான். ஆர்மோனியத்தில் எஃப் என்பது நாலாவது வெள்ளைதானே. பிரித்து, இரண்டு துளை மூடி ஊதினேன். கேட்ட சத்தம் ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. ட்யூனர் செயலியை வைத்தால், ஜி. அதே ஐந்து கட்டை!

விற்றவர் மேல் தப்பே இல்லை. அது இந்துஸ்தானி பான்சுரி. அவர்களுக்கு மூன்று துளை மூடினால் ஷட்ஜமம், அந்தச் சுரம்தான் குழலின் பெயர். நாம் இரண்டு துளையில் வைக்கிறோம். ஒரே மூங்கில், அங்கே எஃப், இங்கே ஜி. இன்னும் வேடிக்கை, அயர்லாந்துக்காரர்கள் ஊதும் தகரக் குழல். அதற்கு ஆறு துளையையும் மூடினால் வரும் சுரத்தின் பெயர். அங்கே பெரும்பாலும் டி குழல்தான் புழக்கம், வேறு சுருதி வேண்டுமென்றால் என்னைப் போலவே தேட வேண்டும். ஆகவே வாங்கப் போகும் பிள்ளைகளே, "எந்தக் கட்டை" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை துளை மூடினால் அந்தக் கட்டை" என்று கேளுங்கள். 650 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம், உங்களுக்கு இலவசம்.

வைகாசியில், கருட சேவை முடிந்த மறுவாரம், மயிலாப்பூர் போனேன். ஒரு சின்னக் கடை. "நாலா? வருஷத்துக்கு ரெண்டு பேர் கேப்பாங்க சார்" என்று பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார் கடைக்காரர். மூன்று குழல்கள். ஒன்று 5,500 ரூபாய், கச்சேரி வித்துவான் ஒருவர் கேட்டுச் செய்து பிறகு வாங்காமல் விட்டதாம். மற்ற இரண்டும் 1,800. ஐயாயிரத்து ஐந்நூறை ஊதிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நாதம் தனிதான். கீழ் ஸ்தாயியில் மூச்சு விரயமே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அரை மணி வாசிக்கிறவனுக்கு அது அதிகம். விலையைக் கேட்டால் என் மனைவி பாடுவதற்குப் பதில் பேச ஆரம்பித்துவிடுவாள்.

மிச்சம் இரண்டு. இங்கே என் அப்பா ஞாபகம் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி அச்சு வாங்கும்போது ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நானும் குழலை அப்படித்தான் பார்த்தேன். உள்துளை நேராக இருக்கிறதா, சுவர் ஒரே கனமாக இருக்கிறதா, நெடுக்கில் மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா? ஊதும் துளையின் விளிம்பை விரலால் தடவினேன். அந்த விளிம்பில்தான் மூச்சு இரண்டாகப் பிளந்து நாதமாகிறது. பிசிறு இருந்தால் காலமெல்லாம் இரைச்சல். பிறகு கீழ்ப் பஞ்சமம், நடுப் பஞ்சமம் இரண்டும் ஒன்றுக்கொன்று சேருகிறதா என்று பார்த்தேன். மலிவுக் குழல் இங்கேதான் காட்டிக்கொடுக்கும். தனித்தனியே எல்லாச் சுரமும் சரிபோல இருக்கும், இரண்டு ஸ்தாயி மட்டும் சேராது.

இரண்டுமே தேறின. முதலாவது ட்யூனரில் முள் நட்டநடுவே நின்றது. இரண்டாவது ஒரு நூலிழை தாழ்வு. "முதல்தை எடுத்துக்குங்க சார், கரெக்டா இருக்கு" என்றார் கடைக்காரர். எடுக்கவும் செய்தேன். பணப்பையைத் திறக்கும்போது தலைக்கு மேல் ஏசி ஓடுவது உறைத்தது.

பழைய மாணவர்களே, ஒன்பதாம் வகுப்பு! காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 25 டிகிரி ஏசியில் 346 மீட்டர். நம் ஊர்க் கூடத்தில் 38 டிகிரி என்றால் ஏறக்குறைய 8 மீட்டர் கூடுதல், இரண்டு சதவீதத்துக்கு மேல். அரைக் கட்டைக்கும் அடுத்த அரைக் கட்டைக்கும் உள்ள இடைவெளியே ஆறு சதவீதம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு வெயிலிலேயே ஏறிவிடும். ஊதுகிற மூச்சின் சூடு குழலுக்குள் எங்கேயும் ஒன்றுதான் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும், ஆனாலும் ஏறும். ஏசியில் சரியாக இருப்பது காஞ்சிபுரத்தில் தூக்கும். இறங்கிப் பாட வேண்டியவளை மறுபடி ஏறச் சொல்லும்.

"வெளியே போய் ஊதிப் பாக்கலாமா?" என்றேன். மதியம் ஒரு மணி. நடைபாதையில் நின்று இரண்டையும் மாறி மாறி ஊதினேன். குழலோடு ஓடிவிடுவேனோ என்று கடைப் பையன் கூடவே நின்றான். ஐந்து நிமிஷத்தில் முதலாவது முள்ளைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவது வந்து நடுவில் உட்கார்ந்தது. அதையே வாங்கினேன். இன்னொரு கணக்கும் உண்டு. சுருதி தாழ்ந்த துளையை அரம் போட்டுக் கொஞ்சம் பெரிதாக்கி உயர்த்தலாம். உயர்ந்துபோன துளையை இறக்க மெழுகு வைத்து அடைக்க வேண்டும். மெழுகு நம் வெயிலில் எத்தனை நாள் நிற்கும்?

திரும்பி வரும்போது பேருந்தில் நாயனக்காரர்களை நினைத்துக்கொண்டேன். திமிரி நாயனம் குட்டை, சுருதி உயர்ந்தது. பாரி நீளம், சுருதி தாழ்ந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை போன்ற மகாவித்துவான் பாரியை வாசித்தபோது இறங்கிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. இதை வீட்டில் சொல்லித் தைரியம் கொடுக்கலாம் என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். தேவையே படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் ஒன்றும் சொல்லாமல் வாசிக்க ஆரம்பித்தேன். புதுக் குழல் பழையதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நீளம். துளைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, மோதிர விரல் இழுத்துப் பிடித்தது. இரண்டு இடத்தில் பிசகினேன். அவள் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அனுபல்லவியில் வந்து சேர்ந்துகொண்டாள். சரணத்தில் மேல் ஷட்ஜமம் வந்தது. நான்தான் மூச்சைத் தவறவிட்டேன், அவள் போய்த் தொட்டுவிட்டு வந்தாள்.

முடிந்ததும் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "கொஞ்ச நாள் இதுல இருக்கட்டும். தொண்டை பழகினதும் பழையபடி அஞ்சுக்குப் போயிடலாம்" என்றேன்.

"எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி நாலரைதாங்க" என்றாள். "உங்க குழல் அஞ்சுன்னுதான் ஏறி வந்தேன்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே?"

"சொன்னேனே. வந்த புதுசுல. மூங்கிலை நீட்ட முடியாது, தொண்டையை நீட்டலாம்னு சொன்னீங்க. பிசிக்ஸ் வாத்தியார் சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான், சந்தேகமே வேண்டாம். அந்தத் தொனியில் உங்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு கூடியிருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள், தறி வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். மூங்கில் வெடிக்காமலிருக்கக் குழலின் இரண்டு முனையிலும் நூல் சுற்ற வேண்டும். "என்ன கலர் சார்?" என்றான். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நாற்பது வருஷத்தில் குழல் விஷயமாக அவளைக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "அரக்கு" என்றாள். முறுக்கிய அரக்குப் பட்டு நூலை அவனே நெருக்கமாகச் சுற்றி முடிச்சுத் தெரியாமல் இழுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. உள்ளே மாதம் ஒரு முறை நல்லெண்ணெய் தடவுகிறேன், வெயில் தாங்க வேண்டுமே.

ஆக, படத்தில் இருந்த மூன்றும் இவைதான்: வாத்தியார் கொடுத்த ஐந்து, தெரியாமல் வாங்கிய ஐந்து, அரக்கு நூல் கட்டிய நாலு. நடுவில் இருந்த பான்சுரி யார் வீட்டுப் பிள்ளைக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம். சுத்தமான சுருதி, ஆரம்பிக்கிறவர்களுக்குப் போதும். பழைய ஐந்தைக் கேட்காதீர்கள்.

எந்த நாளும் வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் ஆறரை மணிக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். அதற்கு மேல் கதவைத் தட்டினால் திறக்க ஆள் வராது. சுண்டல் ஏழரைக்கு.