அப்பாவின் மோட்டார்



பால்மரத் தோட்டத்தில் அப்பா ஓட்டிய ஹோண்டா சி70 இன்றும் என்னிடம் உள்ளது. அதன் 17 அங்குலப் பின்சக்கரத்தைக் கழற்றி 14 அங்குலச் சக்கரம் பொருத்தினேன், எல்லாம் அழகுக்காகத்தான்! டயரின் பருமன் பழையபடி 2.50. ஆகவே விட்டம் ஏறத்தாழ 22 அங்குலத்திலிருந்து 19 ஆகச் சுருங்கியது. பின்புறம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்தது. அதே தூரத்திற்கு இயந்திரம் ஏறக்குறைய 16 விழுக்காடு கூடுதலாகச் சுழன்றது. இதை ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கணக்காகவும் கொடுத்தேன்.

பக்க ஸ்டாண்டை மட்டும் மறந்துவிட்டேன். வண்டி தாழ்ந்ததும் அதன் நீளம் மிகுதியாகி, வண்டி சாயாமல் நிமிர்ந்தே நின்றது. ஒரு காலை, பள்ளி வாசலில் மறுபக்கம் சரிந்து விழுந்தது. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையெட்டும் தொலைவில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் முதல் பாடவேளை முழுவதும் கை நடுங்கியது.

அன்று மாலையே போர்மனிடம் பழைய சக்கரத்தைப் பூட்டச் சொன்னேன். நல்லவேளை, அதை நான் விற்றிருக்கவில்லை.